கன்னத்தில் ஒட்டும் வெயில் பேட்ச்: யாருக்கு உதவும், எப்படி ஒட்டுவது, எங்கே காலை வாரும்

கண்ணுக்கு ஒரு விரல்கடை கீழே, கன்னமேட்டில் ஒட்டிக்கொள்கிற ஒரு துண்டு. ஒரு பக்கம் ஜெல் அல்லது பசை. மறுபக்கம் வெள்ளையாகவோ, தோல் நிறத்திலோ, வெள்ளி மினுக்காகவோ இருக்கும். கொரியாவில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒட்டிக்கொள்கிற பொருள், இப்போது ஆன்லைனில் ஆர்டர் போட்டால் அவிநாசிக்கும் தாராபுரத்துக்கும் வந்து சேருகிறது. வெயில் பேட்ச், யூவி பேட்ச், கோல்ஃப் பேட்ச் என்று பல பெயர்.

பாக்கெட்டில் "99% யூவி தடுப்பு" என்று போட்டிருப்பார்கள். யூவி என்பது வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர். அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒளி ஊடுருவாத எந்தத் துண்டை ஒட்டினாலும் அதற்கு அடியில் இருக்கிற தோலுக்கு வெயில் போகாது. வாழையிலைக் கிழிசலை ஒட்டினாலும் அப்படித்தான். காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியது வேறு இரண்டு சங்கதி: முகத்தில் எவ்வளவு இடத்தை அது மூடுகிறது, நம்ம ஊர் வேர்வையிலும் காற்றிலும் எத்தனை மணி நேரம் விழாமல் நிற்கிறது.

முதலில் ஸ்கேலை எடுங்கள்

சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் எண்ணை, அதாவது வெயில் தடுப்பு அளவை, ஆய்வகத்தில் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகமும் கழுத்தும் சேர்ந்து சுமார் 600 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் 1.2 கிராம் வேண்டும். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அவ்வளவு வரும். பெரும்பாலானவர்கள் பூசுவது இதில் பாதிகூட இருக்காது. எஸ்பிஎஃப் 50 என்று டியூபில் எழுதியிருப்பதன் முழுப் பலனும் அப்போது கிடைக்காது.

இப்போது பேட்சை அளந்து பாருங்கள். ஒன்று 7-க்கு 5 சென்டிமீட்டர் என்றால் ஒரு ஜோடி 70 சதுர சென்டிமீட்டர். 600-இல் 70, எட்டில் ஒரு பங்கைத் தொடவில்லை. நெற்றி, மூக்கு, மேலுதடு, காது மடல், பின்கழுத்து எல்லாம் வெளியேதான் கிடக்கின்றன. முகத்திலேயே வெயில் அதிகம் வாங்குவது மூக்கு. அதற்கு இந்த ஜோடியில் ஒன்றும் இல்லை. மூக்கையும் சேர்த்து மூடுகிற, வண்ணத்துப்பூச்சி வடிவப் பேட்சும் வருகிறது. மூக்கு ஓரத்து மடிப்பில் வேர்வை ஊறி, முதலில் கிளம்புவது அந்த இடமாகத்தான் இருக்கும்.

ஆகவே சன்ஸ்கிரீனுக்குப் பதில் பேட்ச் என்று எண்ணி வாங்கினால் நஷ்டம். சன்ஸ்கிரீனும் தொப்பியும் இருக்க, அவற்றோடு கன்னமேட்டுக்கு மட்டும் கூடுதல் காவல் என்று வாங்கினால் சிலருக்கு அர்த்தம் உண்டு. அந்தச் சிலர் யார் என்பதற்குப் பிறகு வருவோம்.

கொங்கு வெயிலின் கணக்கு

கோவையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய 12.20-க்கு. நம் கடிகாரம் ஓடுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து. நாம் இருப்பதோ 77 பாகை. அந்த ஐந்தரைப் பாகைக்கு 22 நிமிஷ வித்தியாசம். இதனால் மதியம் இரண்டரை மணி வெயில் காலை பத்தேகால் வெயிலுக்குச் சமம். "ரெண்டு மணிக்கு மேல வெயில் தாழ்ந்திருமுங்க" என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடிகாரம் வேண்டாம் என்றால் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறவரை யூவி பலமாக இருக்கிறது. சித்திரையில் அது காலை 9.15 வாக்கில் தொடங்கி மாலை 3.25 வரை.

அடுத்தது ஆடி, ஆவணி. அக்கினி நட்சத்திரம் முடிந்ததும் வெயில் ஓய்ந்துவிட்டது என்று ஊரே நினைக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடித்துக்கொண்டிருக்கும், மேகம் ஓடும், பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் விடாமல் சுற்றும், உடம்புக்குக் குளுகுளு என்றிருக்கும். ஆனால் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது வருஷத்துக்கு இரண்டு முறை: ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 24-ஐ ஒட்டி இன்னொரு முறை. மெல்லிய மேகம் யூவியில் பெரும்பகுதியை விட்டுவிடும். சூட்டைத்தான் தோல் உணரும், யூவியை உணராது. கன்னம் கறுத்தது எப்படி என்று புரட்டாசியில் யோசிப்பவர்கள் ஆடிக் காற்றை நினைத்துப் பார்க்கலாம்.

ஊட்டி, வால்பாறை, ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு ஒன்று. ஆயிரம் மீட்டர் ஏறினால் யூவி சுமார் பத்து சதவீதம் கூடும். கோவை 410 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2240 மீட்டரில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நிற்கும்போது முகத்துக்குக் கிடைப்பது கோவையைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

ஒரே பெயரில் மூன்று பொருள்

ஆன்லைனில் தேடினால் மூன்றும் கலந்தே வரும். படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

முதல் வகை ஹைட்ரோஜெல் பேட்ச். தண்ணீர் நிறைந்த ஜெல், மேலே துணி அல்லது படலம். ஒட்டும்போது ஜில்லென்று சுகமாக இருக்கும். பசை குறைவு, ஆகவே தோலுக்கு இதம். ஆனால் அந்தத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்றில் ஓரம் காய்ந்து, அப்பளம் போலச் சுருண்டு கிளம்பும். மேல்பக்கம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிற ஜெல் துண்டு கண் வீக்கத்துக்காக விற்கிற பொருளாகவும் இருக்கலாம். அதை வெயிலுக்கு நம்ப வேண்டாம்.

இரண்டாவது, துணி அல்லது ஃபோம் மேல் அக்ரிலிக் பசை தடவியது. விளையாட்டு வீரர்கள் முழங்காலில் ஒட்டுகிற டேப்பின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். வேர்வையை ஓரளவு தாங்கும். எடுக்கும்போதுதான் தொல்லை. பருவுக்கு ஒட்டுகிற ஹைட்ரோகொலாய்டு துண்டுகளையும் இந்தப் பட்டியலில் சேர்த்து விற்கிறார்கள். அவை ஈரத்தை உறிஞ்சி வெள்ளையாக உப்பிவிடும். நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் நனைந்த இட்லி மாதிரி ஆனாலும் ஆச்சரியமில்லை.

மூன்றாவது தடுக்கிற பொருளே இல்லை. யூவி பட்டால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர். அதன் மேலேயும் சன்ஸ்கிரீன் பூசி, நிறம் திரும்பும்போது மறுபடி பூச வேண்டும் என்று நினைவூட்டுவதற்கு. பேட்ச் என்று நினைத்து இதை வாங்கிக் கன்னத்தில் ஒட்டினால், பார்க்க ஒரு வட்டப் பொட்டு மிஞ்சும்.

வாங்கும்போது தயாரித்த தேதி, காலாவதி, இறக்குமதி செய்தவரின் பெயர் முகவரி, பசையில் என்ன இருக்கிறது என்ற பட்டியல் எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். வெறும் கொரிய எழுத்தும் ஒரு பூப்படமும் மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஐநூறு ரூபாய் நோட்டுச் சோதனை

பேட்ச் உண்மையிலேயே யூவி தடுக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கள்ளநோட்டு பார்க்கிற சின்ன யூவி டார்ச் போதும். 365 நானோமீட்டர் என்று எழுதியிருப்பதாக வாங்குங்கள். 395 என்று இருந்தால் அது பெரும்பாலும் கத்தரிப்பூ வெளிச்சம்தான், முடிவு குழப்பும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கலர் மேட்சிங் பார்க்கிற லைட் பாக்ஸ் கைக்கு எட்டினால் அதன் யூவி விளக்கே போதும்.

நம் ரூபாய் நோட்டின் எண்கள் ஒளிரும் மையில் அச்சானவை. யூவி பட்டால் பளிச்சென்று தெரியும். இதுதான் நம் மீட்டர்.

அட்டை ஒன்றை 15-க்கு 15 சென்டிமீட்டரில் வெட்டி, நடுவில் 3-க்கு 3 ஜன்னல் திறந்து, அந்த ஜன்னலைப் பேட்சால் மூடி ஒட்டுங்கள். இருட்டறையில் நோட்டை மேஜையில் வைத்து, அட்டையை எண்ணுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே பிடித்து, டார்ச்சைப் பேட்சுக்கு மேலிருந்து அடியுங்கள். பக்கவாட்டில் குனிந்து நோட்டைப் பாருங்கள். எண் இருட்டாகவே இருந்தால் பேட்ச் தடுக்கிறது. மின்னினால் யூவி வழிந்து வருகிறது. டார்ச்சை நேராகக் கண்ணில் பார்க்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இதில் பலரும் செய்கிற தப்பு, பேட்சை நோட்டின் மேலேயே படுக்க வைத்துவிட்டு "ஒண்ணுமே தெரியலையே, நல்ல பேட்ச்" என்று சொல்வது. ஒளி புகாத பொருள் நோட்டை மறைத்தால், அடியில் எண் மின்னினாலும் கண்ணுக்குத் தெரியாதே. அதற்காகத்தான் அந்த ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியும் பக்கத்துப் பார்வையும்.

இந்தச் சோதனை தோலைக் கறுக்க வைக்கிற யூவி ஏ பகுதியைத்தான் காட்டும். தோலைச் சிவக்க வைக்கிற யூவி பி இதில் வராது. ஆனால் 365-ஐ நன்றாகத் தடுக்கிற துணியோ படலமோ பொதுவாக யூவி பி-யையும் தடுத்துவிடும். டார்ச் கையில் இருக்கும்போதே துப்பட்டா, ஹெல்மெட் கண்ணாடி, கூலிங்கிளாஸ் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மெல்லிய துப்பட்டாவை ஒரு மடிப்பில் பிடித்தால் எண் மின்னுவதும், நாலு மடிப்பில் அடங்கிப்போவதும் கண்ணெதிரே தெரியும். வெள்ளைத் துணி தானே நீலமாக ஒளிரும். அது துணியில் ஏற்றிய வெண்மையேற்றியின் வேலை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நோட்டை மட்டும் பாருங்கள்.

யாருக்கு வேண்டாம்

தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தண்டச் செலவு. முகம் மூடிய ஹெல்மெட்டின் கண்ணாடி பாலிகார்பனேட்டால் ஆனது. அந்தப் பொருள் இயல்பாகவே யூவியில் ஏறக்குறைய எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கண்ணாடியை இறக்கிவிட்டால் நெற்றி, கண், மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே மூடியில். பேட்ச் ஒட்டிக்கொண்டு இந்த ஹெல்மெட்டைப் போட்டால் என்ன ஆகும் தெரியுமா? இரு பக்கமும் இருக்கிற கன்னத் திண்டு, தலையை நுழைக்கும்போது பேட்சின் வெளி ஓரத்தைப் பிடித்து மேலே இழுக்கும். கழற்றும்போது பேட்ச் ஹெல்மெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டு பாதுகாப்பும் ஒன்றையொன்று கெடுக்கும் இடம் இது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டுகிற பழக்கத்தை விட்டாலே பேட்சை விடப் பல மடங்கு லாபம்.

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இது சரிப்படாது. கையிலும் முகத்திலும் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எந்தப் பசையும் எண்ணெயில் நிற்காது. சிமெண்டுத் தரை யூவியில் பத்து சதவீதத்துக்கு மேல் திருப்பி அடிக்கிறது என்பதால் தொப்பி மட்டும் போதாது என்பது உண்மைதான். அங்கே கண்ணுக்குக் கீழே துணி கட்டுவதே வழி.

மஞ்சள் பூசிக் குளிக்கிறவர்கள் முகத்தில் நுண்ணிய பொடி தங்கியிருக்கும். பேட்ச் அந்தப் பொடியில் ஒட்டுமே தவிரத் தோலில் ஒட்டாது. சின்னக் குழந்தைகளுக்கு ஒட்டவே கூடாது. தாடி, கிருதா இருக்கிற ஆண்களுக்கும் வேண்டாம்.

மிக முக்கியமாக ஒரு கூட்டம்: மங்குக்கு (கன்னத்தில் படர்கிற கருந்திட்டு) மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமை மாதக்கணக்கில் பூசுகிறவர்கள். ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமலே பலர் வாங்கிப் பூசுகிறார்கள். நாள்பட்ட ஸ்டீராய்டு தோலைக் காகிதமாக்கிவிடும். அதன் மேல் அக்ரிலிக் பசையை ஒட்டிப் பிய்த்தால் பேட்சோடு மேல்தோலும் வரும். அந்தக் காயம் ஆறும்போது இன்னும் கறுப்பாக ஆறும். இவர்கள் பேட்சை யோசிக்கும் முன் க்ரீமைத் தோல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். த்ரெடிங், ப்ளீச், வேக்சிங் செய்த இடத்தில் இரண்டு நாளாவது எதையும் ஒட்டாதீர்கள். லேசர் செய்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

யாருக்கு வேண்டும்

கன்னமேட்டில் மங்கு இருந்து, மணிக்கணக்கில் வெளியே நிற்கவோ நடக்கவோ வேண்டியவர்களுக்கு. இதற்குத் தனிக் காரணம் உண்டு. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் மங்கைக் கூட்டுவது யூவி மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும், அதிலும் நீலப் பகுதி, கறுப்பைக் கூட்டுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள டின்டட் சன்ஸ்கிரீன் ஓரளவு தடுக்கும். ஒளி புகாத பேட்ச் முழுக்கத் தடுக்கும். பேட்சுக்காக வாதாட இருப்பதிலேயே பலமான காரணம் இதுதான். இதே காரணத்தால், தெளிவான ஜெல் பேட்ச் வாங்கி ஒட்டுவதில் மங்குக்காரர்களுக்குப் பயன் குறைவு.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம் வழியாகப் போகிற பாதை கிட்டத்தட்டத் தெற்கு நோக்கியே போகிறது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், உச்சியிலேயே 60 பாகை உயரம்தான். நடக்கிறவர் முகத்துக்கு நேரே நாள் முழுக்க வெயில். வேர்வையும் சித்திரை அளவுக்கு இருக்காது. முன்பக்கம் மூன்று அங்குலம் நீண்ட தொப்பி, சன்ஸ்கிரீன், கன்னமேட்டில் பேட்ச் என்ற கூட்டணி நன்றாக வேலை செய்யும் இடம் இது. பள்ளி விளையாட்டு நாளில் மைதானத்தில் நிற்கிற ஆசிரியர், வெளியில் சர்வே எடுக்கிறவர், வார இறுதியில் ஊட்டி போகிற மங்குக்காரர் இவர்களும் இந்தக் கணக்கில் வருவார்கள்.

ஒட்டும் முறை

முதல் தடவை ஒட்டுவதற்கு மூன்று நாள் முன்பே சோதனை. நகத்தளவு ஒரு துண்டு வெட்டி, முழங்கையின் உள்பக்கம் நாலு மணி நேரம் ஒட்டி எடுத்து, அடுத்த இரண்டு நாள் அந்த இடத்தைப் பாருங்கள். பசை ஒவ்வாமை உடனே வராமல் 48 மணி நேரம் கழித்தும் வரும். சிவப்போ அரிப்போ இருந்தால் அந்தப் பிராண்டு உங்களுக்கு இல்லை.

அன்று காலை முகத்தை சோப்போ ஃபேஸ்வாஷோ போட்டுக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, ஐந்து நிமிஷம் காற்றாட விடுங்கள். கன்னமேட்டில் மாய்ஸ்சரைசர், பவுடர், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. குளித்த கையோடு ஒட்டாதீர்கள். உடம்பு சூடு அடங்காமல் உள்ளே வேர்த்துக்கொண்டிருக்கும்.

பேட்ச் முதலில், சன்ஸ்கிரீன் பிறகு. இந்த வரிசையை மாற்றினால்தான் பாதித் தோல்விகள். சன்ஸ்கிரீன் பூசிய வழவழப்பில் பசை பிடிக்காது. கீழ் இமை முடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் இறங்கி, கன்ன எலும்பின் மேட்டில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவி ஒட்டுங்கள். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் வேர்வை சேரும் குளம் அதுதான். ஒட்டியதும் உள்ளங்கையால் முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு பல் தெரியச் சிரித்துப் பாருங்கள். சிரித்ததும் உள் ஓரம் மடிந்து தூக்கினால் பேட்ச் மூக்கை ஒட்டி அதிகம் போய்விட்டது. எடுத்து அரை சென்டிமீட்டர் வெளியே தள்ளி ஒட்டுங்கள். ஜெல் வகை ஒரு முறை எடுத்து ஒட்டத் தாங்கும், அக்ரிலிக் தாங்காது.

இனி சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், பிஏ+++ அல்லது ++++ (யூவி ஏ தடுப்பைக் காட்டும் குறி) இருக்கட்டும். பேட்ச் ஓரத்தில் தேய்க்காமல், விரல் நுனியால் ஒற்றி ஒற்றி, ஓரத்தின் மேலேயும் இரண்டு மில்லிமீட்டர் ஏறும்படி வையுங்கள். தேய்த்தால் க்ரீம் ஓரத்துக்கு அடியில் புகுந்து கிளப்பிவிடும். இடைவெளி விட்டால் அங்கே நூல் மாதிரி ஒரு கறுப்பு வளையம் விழும். மூக்கு, காது மடல், பின்கழுத்தை மறக்காதீர்கள். கிளம்பும் முன் கால் மணி நேரம் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பேட்ச் தவிர்த்த இடங்களில் மறுபடி பூச வேண்டும்.

பேட்சுக்கு அடியில் இருப்பது வெறும் தோல், அங்கே க்ரீம் இல்லை. பேட்ச் விழுந்தால் அந்த இடம்தான் முகத்திலேயே காவல் இல்லாத இடம். ஆகவே டியூபைப் பையில் போட்டுக்கொண்டே போங்கள். விழுந்த பேட்சை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டுகிற வேலை வேண்டாம்.

கெட்டுப்போகும் விதங்கள்

ஆடிக் காற்றில் ஜெல் பேட்ச் இரண்டு மணி நேரத்திலேயே ஓரம் காயலாம். அந்த மாதங்களில் துணிப் பசை வகையே மேல். சித்திரை, வைகாசியில் அதுவே நேர்மாறு. அடியில் வேர்வை சேர்ந்து வழுக்கி, பேட்ச் கன்னத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே வரும். நாமோ அதை உணரமாட்டோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டிக் கண்ணாடியில் பார்ப்பது நல்லது. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒட்டி வைத்தால் வேர்க்குருவும் பொடிப் பருக்களும் வரும். சூடும் மங்குக்கு ஆகாது. உள்ளே கதகதவென்று இருந்தால் நேரம் பார்க்காமல் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் வெளுப்புப் பட்டை. தினமும் பேட்ச் ஒட்டி, மீதி முகத்துக்கு க்ரீமைக் கஞ்சத்தனமாகப் பூசினால் ஒரு மாதத்தில் கன்னத்தில் இரண்டு வெளுப்புப் பட்டை தெரியும். ஆவணிக் கல்யாணத்துக்கு மேக்கப் போடுகிறவருக்கு அன்று வேலை இரட்டிப்பு. தோல் பழைய நிறத்துக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும்.

எடுக்கும் முறைக்கு அவசரமே கூடாது. ஜெல் வகையைத் தண்ணீர் தொட்டு நனைத்தாலே வந்துவிடும். பசை வகைக்கு ஓரமெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி இரண்டு நிமிஷம் விடுங்கள். பிறகு ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேட்சை மேலே தூக்காமல், அதன் முதுகோடு முதுகாக மடித்துத் தோலை ஒட்டியபடியே மெல்ல இழுங்கள். நிமிர்த்திச் செங்குத்தாக இழுத்தால் தோலும் கூடவே எழும்பும். அன்று ஸ்க்ரப், ஃபேஸ் பேக் எதுவும் வேண்டாம். மிதமான மாய்ஸ்சரைசர் போதும்.

இதற்குப் பதிலாக

திருப்பூர் காதர்பேட்டையில் கட் பீஸ் வாங்கித் தைத்துக்கொள்கிற முகத்துணி, கன்னத்தோடு மூக்கையும் கழுத்தையும் மூடும், துவைத்துத் துவைத்து வருஷம் ஓடும். இன்டர்லாக் (இரட்டைப் பின்னல்) துணி, 180 முதல் 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்), கடல் நீலம் அல்லது பாட்டில் பச்சை மாதிரி அடர்நிறம் கேளுங்கள். 140 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி (ஒற்றைப் பின்னல் பனியன் துணி) இழுபட்டால் கண்ணி திறந்து வெளிச்சம் விடும். அதே எடையில் முழுக் காட்டனைவிட பாலியெஸ்டர் கலந்தது யூவியை நன்றாகத் தடுக்கும். காட்டன் நனைந்தால் தடுப்பு குறையும், ஆகவே வேர்வையில் ஊறியதும் மாற்ற இரண்டாவது ஒன்று வேண்டும். காதிலிருந்து மூக்கு வழியாக மறு காது வரை 30, மூக்குத் தண்டிலிருந்து காலர் வரை 30, தையலுக்கு எல்லாப் பக்கமும் 2 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். மேல் ஓரத்தில் பத்து சென்டிமீட்டர் மூக்குக் கம்பி, கீழே தைக்காமல் தொங்கவிடுங்கள், மூச்சு முட்டாது. நோட்டுச் சோதனையில் தேறினால் போதும், வேறு சான்றிதழ் வேண்டியதில்லை.

காரில் போகிறவர்களுக்கு முன்கண்ணாடி யூவி ஏ-யைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பக்கக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால் வலக் கன்னமும் வலக் கையும் வெயிலை வாங்கும். சேலம், கோவை என்று தினமும் ஓட்டுகிறவர்கள் இரண்டு கன்னத்தையும் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களுக்குப் பேட்ச் இல்லை, முழுக்கை சட்டையும் சன்ஸ்கிரீனும்தான் மருந்து.

காசுக் கணக்கு சுருக்கமாக. 50 கிராம் சன்ஸ்கிரீன் 500 ரூபாய் என்று வைத்தால், வேளைக்கு 1.2 கிராம் வீதம் 41 வேளை, வேளைக்கு 12 ரூபாய் சொச்சம். பேட்ச் ஜோடி 100 ரூபாய் என்றால் எட்டு வேளை க்ரீமின் விலை, அதுவும் மீதி முகத்துக்கு க்ரீம் செலவு குறையாமல். தினசரிக்குக் கட்டுப்படியாகாது. மாதத்தில் மூன்று நாலு நாள் என்றால் பரவாயில்லை.

வாங்கியதை ஸ்கூட்டர் டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கிற வண்டியின் டிக்கிச் சூட்டில் ஜெல் காய்ந்து, பசை இளகிப் பாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும். சன்ஸ்கிரீன் டியூபும் அங்கே தண்ணீர் வேறு க்ரீம் வேறாகப் பிரியும். பிரிஜ் கதவில் வைக்கலாம், ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்து உருகிய ஜெல் தண்ணீரைக் கக்கிவிடும், பிறகு கன்னத்தில் நிற்காது. திறந்த பாக்கெட்டை ஜிப் கவரில் காற்றை அழுத்தி மூடி, ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.